இருட்டை இருட்டாகவே விடுங்கள்

உலகத் திரைப்படங்களைத் திரையிட்டுவரும் நம்மூர்த் திரைப்படச் சங்கங்களின் பொறுப்பாளர்களுக்கு,

வணக்கம்.

கைப்பணத்தைப் போட்டு மண்டபத்துக்கு வாடகை கட்டி, வீட்டாரின் முணுமுணுப்புக்கு நடுவே ஞாயிற்றுக்கிழமை மாலைகளை ஒதுக்கி, முப்பது பேர் வந்தாலே மனநிறைவு கொள்கிறவர்கள் நீங்கள். உங்களிடம் குறை சொல்ல எனக்குக் கூச்சமாகத்தான் இருக்கிறது. ஈரான், போலந்து, தைவான் என்று நான் பார்த்த அயல்நாட்டுப் படங்களில் பெரும்பங்கு உங்களைப் போன்றவர்கள் வரிசையாகப் போட்டுவைத்த பிளாஸ்டிக் நாற்காலிகளில் அமர்ந்து பார்த்தவை. அந்த நன்றியை முதலில் சொல்லிவிட்டே இந்த மடலைத் தொடங்குகிறேன். எந்தச் சங்கம், எந்த ஊர் என்பதைக் குறிப்பிடப்போவதில்லை. நான் எழுதப்போவது ஏறக்குறைய எல்லா ஊர்களிலும் நடப்பதுதான் என்று நண்பர்களிடம் பேசியபோது தெரிந்துகொண்டேன்.

சில மாதங்களுக்கு முன் ஒரு சங்கத்தின் திரையிடலில், ஜப்பானிய இயக்குநர் ஹிரோகசு கொரே-எடாவின் முதல் கதைப்படமான ‘மபொரோஷி நோ ஹிகாரி’யைப் பார்க்கப் போயிருந்தேன். 1995இல் வெளிவந்து, அவ்வாண்டின் வெனிஸ் திரைப்பட விழாவில் பொன் ஒசெல்லா விருது பெற்ற படம். தலைப்பை ‘மாய ஒளி’ என்று தமிழில் சொல்லலாம். பார்க்கப் போயிருந்தேன் என்றுதான் சொல்ல முடிகிறது; பார்த்தேன் என்று சொல்ல மனம் வரவில்லை. மாலை ஐந்து மணிக்குப் படம் தொடங்கியது. மண்டபத்தின் மேற்குச் சுவரில் திரைச்சீலை இல்லாத நான்கு ஜன்னல்கள். கோடைக்காலத்துச் சாய்வெயில் நேராக வெண்திரையில் விழுந்ததால், முதல் முக்கால் மணி நேரம் எங்கள் கண்ணுக்குத் தெரிந்தது பெரும்பாலும் வசனவரிகள் ஓடும் ஒரு சாம்பல் நிறப் பரப்பு மட்டுமே. படம் இருட்டாக இருக்கிறது என்று யாரோ குரல் கொடுக்க, ரிமோட்டை எடுத்து புரொஜெக்டரின் பிரைட்னஸை உச்சத்துக்கு ஏற்றினார்கள். இரண்டு குழந்தைகள் சுரங்கப்பாதைக்குள் ஓடுகிற, இந்தப் படத்தின் மிக அழகான காட்சிகளில் ஒன்றின்மீது, நீல நிறப் பெட்டியில் பட்டியல் ஒன்று தோன்றி, அதில் ஒரு கோடு வலப்பக்கமாக நகர்ந்துகொண்டே போனது. அதற்குப் பின் இருட்டு இருந்த இடங்களெல்லாம் பால் கலந்த தேநீரைப் போல வெளுத்துப்போயின.

அந்தச் சுரங்கப்பாதை ஏன் இருட்டாக இருக்கிறது என்பதை எழுதுவதற்காகத்தான் இந்த மடல்.

படத்தைப் பார்க்காதவர்களுக்காகக் கதையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஒசாகாவை ஒட்டிய அமகசாகி என்னும் தொழில்நகரில் யுமிகோ என்ற இளம்பெண் தன் கணவன் இகுவோவுடனும் கைக்குழந்தையுடனும் வாழ்கிறாள். வறுமைதான், ஆனாலும் சிரித்துப் பேசி வாழ்கிறார்கள். ஒரு சைக்கிளுக்கு இருவருமாக உட்கார்ந்து பச்சை வண்ணம் அடிக்கிறார்கள். ஒருநாள் அவன் ரயில் பாதையில் நடந்துபோய் இறந்துவிடுகிறான். கடிதம் இல்லை, கடன் இல்லை, சண்டை இல்லை. முன்தினம்வரை எந்த அறிகுறியும் இல்லை. சில ஆண்டுகள் கழித்து, அக்கம்பக்கத்தார் பேசி முடித்த ஏற்பாட்டின்படி, மனைவியை இழந்த தமியோ என்பவரை யுமிகோ மறுமணம் செய்துகொண்டு, மகனோடு ஜப்பான் கடலோரம் நோட்டோ தீபகற்பத்திலுள்ள ஒரு மீனவக் கிராமத்துக்குப் போகிறாள். அங்கே தமியோவின் மகளுக்குத் தாயாகிறாள், மாமனாரைப் பார்த்துக்கொள்கிறாள், தரையைத் துடைக்கிறாள், கடலைப் பார்க்கிறாள். ‘ஏன்’ என்ற ஒரு சொல் மட்டும் அவளைவிட்டுப் போகவில்லை.

இக்கதை எழுத்தாளர் தெரு மியாமொடோவின் குறுநாவலிலிருந்து எடுக்கப்பட்டது. அந்த நாவல் முழுவதும் யுமிகோ தன் இறந்த கணவனை நோக்கிப் பேசுவதாகவே அமைந்தது. பேச்சு வழக்கில், உரிமையோடு, ‘நீங்கள் போன பிறகு இங்கே என்னென்ன நடந்தது தெரியுமா’ என்ற தொனியில். அதாவது நாவலில் யுமிகோவின் உள்ளம் முழுக்கச் சொற்களாக வெளியே கிடக்கிறது. கொரே-எடா அந்தச் சொற்களை ஏறத்தாழ அனைத்தையும் எடுத்துவிட்டார். அவள் வாய்திறந்து தன் துயரத்தைச் சொல்வது படத்தின் கடைசிப் பகுதியில் ஒரே ஒரு முறைதான். அதுவரை அவள் என்ன நினைக்கிறாள் என்பதை நமக்குச் சொல்வதற்கு ஒளிப்பதிவாளர் மசாவோ நகபோரியின் வெளிச்சத்தையும் இருளையும் தவிர வேறெதுவும் இல்லை. அண்மைக் காட்சிகள் மிகக் குறைவு; முகத்தைக் காட்டிக் கண்ணீரைக் காட்டுகிற வேலையே கிடையாது. கேமரா பெரும்பாலும் அசையாமல், தரையில் அமர்ந்திருப்பவரின் கண்மட்டத்தில் நிற்கிறது. விளக்குகளை நட்டு வெளிச்சம் உண்டாக்காமல் அந்தந்த இடத்தில் கிடைத்த இயற்கை ஒளியையே நம்பி எடுத்திருப்பதால், வீட்டுக்குள் நடக்கும் காட்சிகளில் ஜன்னல் ஒரு வெள்ளைச் சதுரமாகவும், அதன் முன் அமர்ந்திருக்கும் பெண் ஒரு கரிய உருவமாகவும் மட்டுமே தெரிவாள். அவள் அழுகிறாளா, வெறுமனே உட்கார்ந்திருக்கிறாளா என்று நமக்குத் தெரியாது. தெரியக்கூடாது என்பதற்காகவே அப்படி எடுக்கப்பட்டிருக்கிறது. துக்கத்தில் இருக்கும் ஒருவரின் பக்கத்தில் நாம் அமர்ந்திருக்கும்போது நமக்குத் தெரிவதும் அவ்வளவுதானே.

இதனால்தான் பிரைட்னஸை ஏற்றியது எனக்கு அவ்வளவு வலித்தது. ஒரு சண்டைப் படத்தில் அப்படிச் செய்தால் கொஞ்சம் நிறம் கெடும். மற்றபடி கதை கதையாகவே இருக்கும். இந்தப் படத்தில் கதையே அந்தக் கருமைக்குள்தான் இருக்கிறது. நாவலிலிருந்து எடுத்துப்போட்ட சொற்களுக்கு ஈடாக அவர்கள் வைத்தது அந்த இருட்டை. அதையும் நாம் எடுத்துவிட்டால், ஒரு பெண் வீடு மாறிப்போன செய்தி மட்டுமே மிஞ்சும். அன்று எனக்குப் பின்வரிசையில் இருந்த இளைஞர் ஒருவர், ‘ஒண்ணுமே நடக்கலையே’ என்று தன் நண்பரிடம் சொன்னது காதில் விழுந்தது. அவரை நான் குற்றம் சொல்லமாட்டேன். அவருக்குக் காட்டப்பட்ட படத்தில் உண்மையிலேயே ஒன்றும் நடக்கவில்லை.

நடுவில் ஐம்பத்தைந்தாவது நிமிடத்தில் தேநீருக்காகப் படத்தை நிறுத்தினார்கள். நூற்றுப் பத்து நிமிடம் ஓடும் படம். நடுவில் எழுந்துபோக வேண்டியவர்கள் ஓசைப்படாமல் போய்வரலாம். இடைவேளை நம் ஊர்ப் பழக்கம், நம் படங்கள் அதற்கென்றே எழுதப்படுகின்றன என்பதையெல்லாம் அறிவேன். ஆனால் மெல்ல மெல்ல மூச்சைத் தாழ்த்திக்கொண்டு ஓர் ஊரின் அமைதிக்குள் இறங்குகிற படத்தை நடுவில் வெட்டிக் கையில் வடையைக் கொடுத்தால், திரும்பி வந்து உட்காரும்போது அந்த அமைதியை முதலிலிருந்து சேர்க்கவேண்டியிருக்கிறது. இதைப் பற்றி இதற்குமேல் எழுத விருப்பமில்லை; வடை நன்றாகவே இருந்தது.

இனி, என்னை இந்த மடலை எழுதவைத்த முதன்மையான செய்திக்கு வருகிறேன். படம் தொடங்குமுன் அறிமுகவுரை ஆற்றிய நண்பர் நன்கு படித்தவர், உழைத்துத் தயாரித்து வந்திருந்தார். ஆனால் அவர் தம் உரையிலேயே, இகுவோ ஏன் இறந்தான் என்பதற்கு மூன்று காரணங்களைச் சொல்லிவிட்டார்: வறுமை, பண்பாட்டு அழுத்தம், கண்டறியப்படாத மனச்சோர்வு. படம் முடிந்து கடைசிப் பெயர்கள் ஓடிக்கொண்டிருக்கும்போதே டியூப்லைட்டுகளைப் போட்டு, கலந்துரையாடல் என்று அறிவித்து, ‘அவன் ஏன் இறந்தான் என்று நினைக்கிறீர்கள்’ என்று ஒலிவாங்கியை வரிசையாக நீட்டினார்கள். ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள். ஒலிவாங்கி என்னிடம் வந்தபோது நான் தலையசைத்து மறுத்து அடுத்தவரிடம் கொடுத்துவிட்டேன். அப்போது சொல்லாததை இப்போது சொல்கிறேன்.

என் தம்பி பதினோரு ஆண்டுகளுக்கு முன் அப்படித்தான் போனான். அவனிடமும் கடிதம் இல்லை. துக்கம் விசாரிக்க வந்தவர்கள் பந்தலில் உட்கார்ந்து, ஒரு வாய்த் தண்ணீர் குடித்து, என் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு கேட்ட முதல் கேள்வி, ‘என்னம்மா ஆச்சு, ஏன் இப்படிப் பண்ணிக்கிட்டான்?’ என்பதுதான். அம்மாவால் பதில் சொல்ல முடியாதபோது அவர்களே ஒரு பதிலை எடுத்துக்கொடுத்தார்கள். கடனாக இருக்கும் என்றார் ஒருவர். காதலாக இருக்கும் என்றார் இன்னொருவர். ஜாதகத்தில் அப்போதே சொன்னார்கள் என்றார் ஒரு பெரியம்மா. பதினாறாம் நாள் காரியம் முடிவதற்குள் எங்கள் வீட்டில் ஏழெட்டுக் காரணங்கள் சேர்ந்துவிட்டன. அவர்களில் ஒருவரும் கெட்ட எண்ணத்தோடு கேட்கவில்லை. காரணம் தெரியாத மரணத்தின் முன்னால் உட்கார்ந்திருக்க மனிதர்களால் முடிவதில்லை. கையில் கிடைத்த எதையாவது அதன்மேல் போட்டு மூடிவிடப் பார்க்கிறார்கள். அம்மா இறக்கும்வரை அந்தக் காரணங்களை மாற்றி மாற்றி எடுத்து வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

கொரே-எடாவுக்கு இது புத்தகத்தில் படித்த செய்தியன்று. கதைப்படம் எடுப்பதற்கு முன் அவர் தொலைக்காட்சிக்காக ஆவணப்படங்கள் எடுத்துவந்தார். பாதரச நஞ்சால் வந்த மினமாட்டா நோயால் பாதிக்கப்பட்டவர்களின் இழப்பீட்டு வழக்கில் அரசுத் தரப்பின் பொறுப்பை ஏற்றிருந்த சுற்றுச்சூழல் துறையின் உயரதிகாரி ஒருவர் 1990இன் இறுதியில் தம் உயிரை மாய்த்துக்கொண்டார். அவரைப் பற்றி 1991இல் ஆவணப்படம் எடுத்த கொரே-எடா, அதற்காக அவருடைய மனைவியைச் சந்தித்துப் பேசினார். காரணம் வெளிப்படையாகத் தெரிவதுபோல் தோன்றும் மரணம் அது. மனசாட்சியுள்ள ஓர் அதிகாரி அரசின் நிலைப்பாட்டுக்கும் நோயாளிகளுக்கும் இடையே நசுங்கினார் என்று ஒரே வரியில் எழுதிவிடலாம். அப்படியிருந்தும், உடன் வாழ்ந்த பெண்ணின் எதிரில் உட்கார்ந்தபோது அந்த ஒரு வரி போதவில்லை என்பதை அந்த இளம் இயக்குநர் உணர்ந்திருக்க வேண்டும் என்று நான் எண்ணிக்கொள்கிறேன். நான்கு ஆண்டுகளில் அவர் எடுத்த முதல் கதைப்படத்தில் அந்த ஒரு வரிகூட இல்லாத மரணத்தைத்தான் வைத்தார்.

படத்தின் இறுதியில் யுமிகோ, பேருந்து நிழற்குடையின் இருட்டிலிருந்து எழுந்து, கடற்கரையோரம் போகும் முன்பின் அறியாத ஒருவரின் சவ ஊர்வலத்தைப் பின்தொடர்ந்து நடக்கிறாள். மிகத் தொலைவில் வைத்த கேமராவில் வானமும் கடலும்தான் பெரிதாகத் தெரிகின்றன; மனிதர்கள் எறும்பு வரிசையாக இடமிருந்து வலமோ வலமிருந்து இடமோ போய்க்கொண்டே இருக்கிறார்கள். (எந்தப் பக்கம் என்பது அன்றைய வெளிறிய திரையில் எனக்கு மனத்தில் பதியவில்லை, இதையும் புகாராகவே எடுத்துக்கொள்ளுங்கள்.) அந்தி சாய்கிற நேரத்தில் கடல்முனையில் சிதை எரிகிறது. அவளைத் தேடிக் காரில் வந்த தமியோவும் அவளும் இரண்டு சிறு நிழல்களாக நிற்கிறார்கள். அங்கேதான் அவள் முதன்முறையாக, அவன் ஏன் இறந்தான், ஏன் அந்தத் தண்டவாளத்தில் நடந்தான் என்பது தனக்குப் புரியவே இல்லை என்று கதறுகிறாள். தமியோ காரணம் சொல்வதில்லை. கடலுக்கு மனிதரை மயக்கி அழைக்கும் ஆற்றல் உண்டு என்று தன் தந்தை சொல்வதுண்டு. அவர் தனியே கடலுக்குப் போகும் நாட்களில் வெகுதொலைவில் அழகான ஒளி ஒன்று மின்னி மின்னி அழைக்கக் கண்டிருக்கிறார். அது யாருக்கும் நேரலாம் என்கிற பொருளில் சில சொற்களைச் சொல்லிவிட்டு அமைதியாகிறார். அவ்வளவுதான்.

அந்தப் பதில் ஒரு பதிலே இல்லை. ஆனால் துக்கம் விசாரிக்க வந்தவர்களில் ஒருவராவது என் அம்மாவிடம் அப்படி ஒன்றைச் சொல்லியிருக்கக்கூடாதா என்று எத்தனையோ இரவு நினைத்திருக்கிறேன். அவரவர் சொன்ன காரணங்களெல்லாம் அம்மாவை நோக்கி, ‘நீ கவனித்திருக்கலாமே’ என்று மறைமுகமாகச் சொல்லின. தமியோவின் சொற்கள் யாரையும் நோக்கிக் கைநீட்டவில்லை. இந்தக் காட்சியைக் கடலோரத்தில், அந்தியில் வைத்ததைப் பார்த்தபோது, நெய்தல் நிலத்துக்கு எற்பாட்டைப் பொழுதாகவும் இரங்கலை உரிப்பொருளாகவும் வைத்த நம் பழைய இலக்கணம் நினைவுக்கு வந்தது. கொரே-எடாவுக்குத் தொல்காப்பியம் தெரிந்திருக்க வழியில்லை. பொழுது சாய்கிற நேரத்துக் கடல் எல்லா ஊரிலும் ஒரே வேலையைத்தான் செய்யும்போல.

படத்தைக் குறையே இல்லாதது என்று நான் சொல்லவரவில்லை. படப்பிடிப்புக்கு முன்பே ஏறக்குறைய 300 காட்சிச் சட்டகங்களை வரைந்துவைத்துக்கொண்டு அவற்றின்படியே எடுத்ததாகக் கொரே-எடாவே பின்னாளில் ஒப்புக்கொண்டிருக்கிறார். அவர் பெரிதும் மதித்த தைவான் இயக்குநர் ஹூ சியாவோ-சியென் இந்தப் படத்தைப் பார்த்துவிட்டு, நுட்பம் சிறப்பாக இருக்கிறது, ஆனால் நடிகர்களைப் பார்ப்பதற்கு முன்பே கேமராவை எங்கே வைப்பது என்று எப்படி முடிவுசெய்தாய் என்ற பொருளில் கேட்டாராம். அந்தக் கேள்வியில் நியாயம் இருக்கிறது. சில சட்டகங்கள் யுமிகோவைவிட அழகாக இருப்பதிலேயே கவனமாக இருக்கின்றன. ஹூவின் படங்களுக்கு இசையமைத்த சென் மிங்-சாங்கே இப்படத்துக்கும் இசை தந்திருக்கிறார். அந்த இசைகூட ஓரிரு இடங்களில் வேண்டியதற்கு மேல் உருகுகிறது. கலந்துரையாடலில் பேசுவதற்கு இப்படி எத்தனையோ இருந்தன. ஒரு சைக்கிள் சாவியில் கட்டிய சின்னஞ்சிறு மணி படம் நெடுக எங்கெங்கே ஒலிக்கிறது என்பதை மட்டும் பேசியிருந்தால் அரைமணி நேரம் போதாது. தொடக்கத்தில், சாவதற்குச் சொந்த ஊருக்குப் போகிறேன் என்று கிளம்பிய பாட்டியைப் பாலத்தில் வழிமறிக்க முடியாத சிறுமி யுமிகோவை எடுத்துக்கொண்டிருக்கலாம். புயலில் நண்டு பிடிக்கப் படகெடுத்துப்போன மூதாட்டி, எல்லாரும் பதறிக் காத்திருக்க, ஒன்றும் நடக்காததுபோல் திரும்பி வந்து நிற்பதைப் பற்றியும் கேட்டிருக்கலாம். நாமோ ஒலிவாங்கியைக் கொண்டுபோய்த் துக்கவீட்டுக் கேள்வியையே கேட்டுக்கொண்டிருந்தோம்.

ஆகவே உங்களிடம் என் வேண்டுகோள் பெரிதொன்றும் இல்லை. இத்தகைய படங்களை முழுமையாக இருட்டிய பிறகு, ஏழு மணிக்கு மேல் தொடங்குங்கள்; கடைசிப் பேருந்து எனக்கும் உண்டு, ஆனாலும் ஒன்பதுக்குள் முடிந்துவிடும். புரொஜெக்டரின் அமைப்புகளை முன்னதாகவே ஓர் இருண்ட காட்சியை ஓட்டிப் பார்த்துச் சரிசெய்துவிட்டு, பிறகு ரிமோட்டை யார் கேட்டாலும் கொடுக்காதீர்கள். அறிமுகவுரையில் இயக்குநரைப் பற்றிச் சொல்லுங்கள், ஊரைப் பற்றிச் சொல்லுங்கள். மரணத்தின் காரணத்தை மட்டும் பார்வையாளர்களிடமே விட்டுவிடுங்கள். அந்தக் கேள்வியோடு வீட்டில் வாழ்கிறவர்கள் எந்த வரிசையில் உட்கார்ந்திருக்கிறார்கள் என்பது உங்களுக்குத் தெரியாது. பெயர்கள் ஓடி முடிந்து ஒரு நிமிடமாவது விளக்கைப் போடாமல் இருங்கள்; ஈரக் கண்களைத் துடைத்துக்கொள்ள அந்த ஒரு நிமிடம் போதும்.

ஊரைப் பற்றிச் சொல்வதற்கு இப்போது இன்னொரு காரணமும் சேர்ந்துவிட்டது. படமெடுக்கப்பட்ட நோட்டோ தீபகற்பத்தை 2024 ஜனவரி 1 அன்று 7.6 அளவுள்ள நிலநடுக்கம் தாக்கியது. வஜிமா நகரின் புகழ்பெற்ற காலைச் சந்தைப் பகுதி தீயில் எரிந்துபோனது. அக்கடற்கரையில் சில இடங்களில் நிலம் ஏறத்தாழ நான்கு மீட்டர் உயர்ந்து, மீன்பிடித் துறைமுகங்களின் அடித்தரை வெளியே தெரிந்தது. அவ்வாண்டு ஆகஸ்டில் இப்படத்தின் மீட்டெடுத்த பதிப்பை வஜிமாவுக்கு உதவுவதற்காகவே ஜப்பானில் மீண்டும் திரையிட்டார்கள். யுமிகோ நின்று பார்த்த கடல் இன்று அதே இடத்தில் அதே மட்டத்தில் இல்லை. அது இருந்த விதம் இந்தப் படத்தின் அந்திவெளிச்சத்தில்தான் மிச்சமிருக்கிறது. அந்த வெளிச்சத்தை வெளுக்காமல் காட்டுவது அந்த ஊருக்கும் நாம் செய்யும் மரியாதை என்று சொன்னால் மிகையாகத் தோன்றலாம். அன்று அது எனக்கு மிகையாகத் தோன்றவில்லை.

படத்தை மீண்டும் ஒருமுறை திரையிடும்படி அன்றைய சங்கத்தாரிடம் நேரிலும் கேட்டிருக்கிறேன்; மழைக்காலத்துக்குப் பிறகு பார்க்கலாம் என்றார்கள். மேற்கு ஜன்னல்கள் நான்குக்கும் கருப்புத் துணி என் செலவில் தைத்துத் தருகிறேன். தையல்காரரிடமும் சொல்லிவைத்துவிட்டேன். ஜன்னல்களின் நீள அகலத்தையும், கம்பி மாட்டுவதற்கு மேலே கொக்கி இருக்கிறதா இல்லையா என்பதையும் மட்டும் யாராவது அளந்து சொல்லுங்கள்.

இப்படிக்கு,
மூன்றாம் வரிசை ஓரத்து நாற்காலியில் வழக்கமாக அமரும் உறுப்பினர்